எதிர்த்தூட்டுத் தண்ணி

சித்தெ தள்ளி உக்காரு கண்ணு. வெயிலடிக்கற பக்கம்னுதான் பஸ்ஸுல இந்த சீட்டுல வேற ஒருத்தரும் உக்காரலே. எனக்கென்ன. வெயிலு என்ன பண்ணிப்போடும்? மனுசங்க பண்றதை விடவா?

நீ கோபி போறயா? அப்பச் சரி, எனக்கப்புறந்தான் எறங்குவே. என்ற பேரு மயிலாத்தா, ஊரு மூலக்காட்டுப்புதூரு. தெரியாதா? தெரியாம இருக்கறதே நல்லது. நான் வாக்கப்பட்டு வந்தப்ப நல்ல ஊருதான் அது. இப்ப அதுல நல்லவிய ஆரும் இல்லே, என்னையத் தவுத்து. சிரிக்காதே, நெசமாத்தான் சொல்றேன்.

ஒரு வீதியே ஒண்ணாச் சேர்ந்துட்டு ஒரு பொம்பளையத் தள்ளி வெச்சிருக்குதுன்னா நம்புவயா? நான் போனா பேச்சை நிறுத்திப் போடறாங்க. மளிகைக்கடைக்காரன் சாமானை என்ற கையில குடுக்காம மேசை மேல வெக்கறான். நான் ஆரு குடியைக் கெடுத்தேன்? நீ படிச்ச புள்ளையாட்டம் இருக்கறே. கேட்டுட்டு நீயே நாயம் சொல்லு.

எங்க வீதி மேக்கால வீதி. அதுல மேட்டுல இருக்கறது என்ற வூடு. எதிர்த்தாப்புல, ரோட்டுக்கு அந்தப் பக்கம், வளர்மதின்னு ஒருத்தி. துணி தெக்கறவ. புருசன் லாரிக்குப் போறான், பாதி நாளு வூட்டுல இருக்க மாட்டான். அவ பேரைச் சொன்னாலே எனக்கு வாயி கசக்குது. இருந்தாலும் சொல்லித்தானே ஆகோணும், எதைத் தொட்டாலும் அவகிட்டத்தான் வந்து நிக்குது.

பாதாளச் சாக்கடை போடறோம்னு பேரூராட்சியில இருந்து வந்தாங்க. நல்லதுன்னுதான் நானும் நெனச்சேன். வீதியில ஓடற சாக்கடை மண்ணுக்குள்ள போச்சுன்னா கொசு இல்லே, நாத்தம் இல்லே, ஆரு வேண்டாங்கப் போறா? ஆனா பாரு, அந்தக் குழி, சேம்பருங்கறாங்களே, மேல வட்டமா மூடி போட்டு வெப்பாங்களே, அது நேரா என்ற வூட்டு வாசல்ல வருதாம். சுண்ணாம்புல வட்டம் போட்டுட்டுப் போயிட்டாங்க. மவனுக்குப் பொண்ணு பார்த்துட்டு இருக்கற நேரம் அது. பொண்ணு வூட்டுக்காரங்க வந்து எறங்கறப்ப மொதல்ல பீக்குழி மூடியை மிதிச்சுட்டா உள்ள வருவாங்க? நீயே சொல்லு.

இஞ்சினியருன்னு ஒரு புள்ளை வந்துச்சு. ஜெசிந்தான்னு பேரு. உன்ற வயசுதான் இருக்கும். தலையில ஒரு தொப்பி, காலுல ஆம்பளைச் செருப்பு. நான் கேட்டேன், "ஏம்மா, இதை எதிர்ப்பக்கம் தள்ளிப் போட்டா என்ன?"

"இல்லீங்கம்மா. அந்தப் பக்கந்தான் குடிதண்ணிக் கொழாய் போகுது. பழைய கொழாய் வேற. சாக்கடையையும் அதையும் ஒட்டிப் போடக் கூடாதுங்க"ன்னு சொல்லுச்சு.

"நீ எந்த ஊரு? ஆரு மவ?"ன்னேன்.

"அதைத் தெரிஞ்சு என்னங்கம்மா பண்ணப் போறீங்க?"

பார்த்தயா கொழுப்பை? ஊரு பேரு சொல்ல மாட்டாளாம், என்ற வாசல்ல மட்டும் குழி தோண்டுவாளாம். மறுநா மம்முட்டிக்காரங்க வந்தாங்க. நான் போயி அந்தச் சுண்ணாம்பு வட்டத்துக்குள்ள நின்னுட்டேன். "வெட்டறதுன்னா என்ற காலைச் சேர்த்து வெட்டுங்கடா"ன்னேன். ஒருத்தன் மம்முட்டியைத் தொடலே. வீதியே கூடி நின்னு பார்த்துச்சு. எங்கூட்டுக்காரரு வூட்டுக்குள்ள இருந்தாரு. அவரு எப்பவுமே வூட்டுக்குள்ளதான் இருப்பாரு, எதுக்கும் வெளிய வர மாட்டாரு.

எங்க பெரியப்பன் மவன் நாச்சிமுத்து அண்ணன் கவுன்சிலரு. அவருக்குப் போனைப் போட்டேன். பொழுது சாயறதுக்குள்ள வட்டம் எதிர்ப்பக்கம் போயிருச்சு. எதிர்ப்பக்கம்னா, வளர்மதி வூட்டு வாசலுக்கு. அந்த இஞ்சினியர் புள்ளை மூஞ்சியைத் தூக்கிட்டு வண்டியெடுத்துட்டுப் போயிருச்சு.

வளர்மதி வந்தா. தெச்சுட்டு இருந்த துணியோட, ஊசிநூலு கழுத்துல தொங்கத் தொங்க வந்தா. "அக்கா, என்ற வாசல்ல குழி வந்தாக்கூடப் போவுது. குடிதண்ணிக் கொழாயை ஒட்டிட்டுப் போடறாங்களேக்கா. உங்களுக்கும் அதே கொழாயில இருந்துதானே தண்ணி வருது?"ன்னா.

எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! "பயமா இருந்தா நீ குடிக்காதே போ"ன்னு சொல்லித் தாட்டி விட்டேன். அன்னைக்கு நான் வூட்டுல பாயசம் வெச்சேன் கண்ணு. ஆமா, பொய் எதுக்குச் சொல்லோணும். ஜெயிச்சா சந்தோசப்படக் கூடாதா?

அப்புறம் மவனுக்குக் கல்யாணம் ஆச்சு. மோகனசுந்தரம் அவன் பேரு, பெருந்துறையில கம்பெனியில வேலை. மருமவ பிரதீபா. நல்ல புள்ளைதான், நான் குத்தம் சொல்ல மாட்டேன். வாயி கொஞ்சம் கம்மி, காது எச்சு. ஆரு எதைச் சொன்னாலும் கேட்டுக்குவா. நான் சொல்றதைத் தவுத்து.

அந்தக் கோடையில தண்ணி சரியா வரலே. வீதிக்கே வரலேன்னு வெய்யி, மேட்டுக்கு எப்படி வரும்? பள்ளத்துல இருக்கறவிய புடிச்சு முடிச்சு, கொடம் கழுவி, வாசல் தெளிச்சு, அதுக்கப்புறம் எனக்கு நூலாட்டம் ஒரு சொட்டு. எத்தனை நாளைக்குப் பொறுப்பே? ஒரு மோட்டாரை வாங்கிக் கொழாயில நேரா வெச்சுட்டேன். சுச்சுப் போட்டா விர்ருனு இழுக்கும். தொட்டி ரொம்பி வழியும். ஆகா, அந்தச் சத்தத்தைக் கேக்கறப்ப எனக்கு வயிறு குளுந்து போகும்.

தண்ணி தொறந்து வுடற ஆளு பழனிமலை வந்து, "அக்கா, கொழாயில மோட்டாரு வெக்கக் கூடாதுக்கா"ன்னான். "அப்ப நீ மேட்டுக்குச் சொமந்துட்டு வந்து ஊத்து"ன்னேன். போயிட்டான்.

இவ இருக்கறாளே, வளர்மதி, மறுபடியும் வந்துட்டா. நான் மோட்டாரு போட்டா அவ கொழாயில தண்ணி நின்னு போகுதாம். நின்னு போறது மட்டும் இல்லையாம், கொழாய் வாயில கையை வெச்சா உள்ள புடிச்சு இழுக்குதாம். "பேயாட்டம் இழுக்குதுக்கா"ன்னு உள்ளங்கையைக் காமிச்சா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. அவ மொகத்துக்கு நேராவே சிரிச்சேன். தண்ணியில்லாத கொழாயில எதுக்குடி கையை வெக்கறேன்னு கேட்டேன்.

நீயே சொல்லு. பலம் இருக்கறவன் இழுத்துக்கறான். பஸ்ஸுல எடம் புடிக்கறதில்லையா?

அந்த நேரத்துல பிரதீபா மாசமா இருந்தா. எங்கூட்டுல அதுக்கப்புறம் எல்லாம் அவளுக்குத்தான். பாலு அவளுக்கு, பழம் அவளுக்கு, காத்தாடிக்குக் கீழ எடம் அவளுக்கு. நான் கொடுமைக்காரி இல்லே கண்ணு. நெறைய மாமியாருங்களைப் பார்த்திருக்கறேன், நான் அந்த ரகம் இல்லே.

தண்ணி மட்டும் கொஞ்சம் ஒரு மாதிரி வந்துச்சு. கலங்கலா. ஒரு வாடை. பிரதீபா டம்ளரை மூக்குக்கிட்டக் கொண்டு போயிட்டுக் கீழ வெச்சுட்டா. "அத்தை, சாக்கடை நாத்தம் அடிக்குதுங்க. காய்ச்சிக் குடிக்கலாமுங்களா?"ன்னா.

இந்தப் பேச்சை ஆரு சொல்லிக் குடுத்தான்னு எனக்குத் தெரியாதா? எதிர்த்தூட்டுக்காரி காய்ச்சித்தான் குடிக்கறா. குழி அவ வாசல்ல வந்த நாள்ல இருந்து அப்படித்தானாம், பெரிய சுத்தக்காரி. நான் சொன்னேன், "மாசமா இருக்கறவ காய்ச்சின தண்ணி குடிச்சா சூடு கண்ணு. புள்ளைக்கு ஆகாது. நாங்கெல்லாம் வாய்க்கால் தண்ணி குடிச்சுத்தான் பெத்தோம். அது மருந்து வாடை, பழனிமலை எச்சாப் போட்டுட்டான்." சரிங்க அத்தைன்னுட்டா. அப்படித்தான் நான் நெனச்சுட்டு இருந்தேன்.

ஒரு நா மத்தியானம் கண்ணசந்து எந்திரிச்சுப் பார்க்கறேன், வாசக் கேட்டுல நிக்கறா பிரதீபா. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துல இருந்து வளர்மதி வர்றா, கையில ஒரு பெரிய பாட்டலு. ரெண்டு பேரும் சிரிச்சுட்டு, ஏதோ அக்கா தங்கச்சியாட்டம். தெனமும் நடந்திருக்குது கண்ணு! நான் தூங்கற நேரம் பார்த்து, என்ற வூட்டு மருமவ, அவ வூட்டுத் தண்ணியை வாங்கிக் குடிச்சுட்டு இருந்திருக்கறா. வவுத்துல இருக்கறது என்ற பேரன். குடிக்கறது அவ தண்ணி.

போனேன். பாட்டலைப் புடுங்கினேன். மூடியைத் திறந்து அவ காலடியிலயே ஊத்தினேன். ரோட்டு மேலயே, கொடகொடன்னு. வீதியில போறவிய எல்லாம் நின்னுட்டாங்க. வளர்மதி நவுரலே. அவ சீலைக் கரையெல்லாம் நனைஞ்சுது. "அக்கா, என்மேல கோவம் இருந்தா என்னைய அடிங்க. புள்ளைத்தாச்சிக்காரி குடிக்கற தண்ணிக்கா"ன்னா.

"என்ற மருமவளுக்குத் தண்ணி குடுக்க நீ ஆருடி?"ன்னு கேட்டேன். நாயந்தானே? காலிப் பாட்டலையாச்சும் திருப்பிக் கேட்டாளா? இல்லே. போயிட்டா.

பிரதீபா அதுக்கப்புறம் கேட்டுக்கிட்டப் போகலே. நான் குடுத்த தண்ணியைத்தான் குடிச்சா. முன்னால நின்னு குடிக்க வெச்சேன்.

என்ன கண்ணு, அப்படிப் பார்க்கறே? முழுசாக் கேளு.

அவளுக்குச் சோறு எறங்கலே. வாந்தி. மாசமா இருந்தா வாந்தி வராதான்னு நான் வுட்டுட்டேன். அப்புறம் காச்சல். ஒரு நா காலைல தலை சீவிட்டு இருக்கறா, கண்ணைப் பார்க்கறேன், மஞ்சளரைச்சுப் பூசினாப்புல இருக்குது. மஞ்சக்காமாலைக்கு எங்கம்மா கீழாநெல்லி அரைச்சுக் குடுப்பா, நானும் வேலியோரம் பறிச்சு அரைச்சுக் குடுத்தேன். கடமைக்கு இல்லே, ஆசையாக் குடுத்தேன். மோகனு ஆஸ்பத்திரிக்குப் போலாம், போலாம்னு குதிச்சான். நான்தான், சித்தெ பொறுடா, பச்சிலைக்கு எறங்காத காமாலை உண்டான்னேன். எங்கூட்டுக்காரரு அப்பவும் ஒண்ணும் சொல்லலே. அவரு சொல்லியிருக்கலாமில்ல? ஆம்பளைதானே? சொல்லலே. அதை ஆரும் கேக்கறதில்லே.

அவளுக்கு நெனவு தப்பினப்பத்தான் ஈரோட்டுக்குக் கொண்டு போனோம்.

புள்ளை தங்கலே.

பையன். ஒரு துணியில சுத்திக் காமிச்சாங்க. மூக்கு அப்படியே எங்கூட்டுக்காரரு மூக்கு. நகமெல்லாம் இருந்துச்சு கண்ணு, சின்னச் சின்னதா. அதைப் பத்தி வேண்டாம். வுடு.

பிரதீபா பொழைச்சுட்டா. அது தெய்வம் பண்ணினது. ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னைக்கு நான் நேரா வூட்டுக்குள்ள போகலே. எதிர்த்தூட்டு வாசலுக்குப் போனேன். அந்தச் சாக்கடை மூடி மேல நின்னுட்டு, ரெண்டு கையிலயும் மண்ணை வாரி அவ வூட்டைப் பார்த்துத் தூத்தினேன். "கண்ணு வெச்சே புள்ளையக் கொன்னுட்டியேடி, உன்ற குடி வெளங்குமா"ன்னு கத்தினேன். மிஷினு ஓடற சத்தம் நின்னு போச்சு. அவ கதவோரம் வந்தா. என்ற மேல பாய்வான்னுதான் பார்த்தேன். அழுதுட்டு இருந்தா. கதவைச் சாத்திட்டா. குத்தம் இல்லாதவ எதுக்குக் கதவைச் சாத்தோணும்?

வீதியில இன்னும் நாலு வூட்டுல காமாலை. கடைசி வூட்டு வாத்தியாரு கூட ஆஸ்பத்திரியில கெடந்தாரு. அப்பத்தான் சுகாதாரத்துல இருந்து வந்தாங்க, எல்லா வூட்டுலயும் தண்ணியைச் சின்னச் சின்னப் பாட்டல்ல புடிச்சுட்டுப் போனாங்க. கூடவே அந்தப் புள்ளை ஜெசிந்தாவும் வந்துச்சு. வளர்மதி வூட்டுக்கு முன்னால ரோட்டைத் தோண்டுனாங்க. நான் என்ற வாசல்ல சேர் போட்டு உக்காந்துட்டேன். தோண்டட்டும், அவ வூட்டுக் குத்தம் வெளிய வரட்டும்னு எனக்குச் சந்தோசம்.

குழிக்குள்ள பழைய குடிதண்ணிக் கொழாய். அதுக்குக் கையெட்டற தூரத்துல புதுசாப் போட்ட சாக்கடைக் கொழாய், சேம்பரு. சேம்பரு ஓரம் கசிஞ்சு சுத்தி இருக்கற மண்ணெல்லாம் கருப்பாக் கெடக்குது. தண்ணிக் கொழாய் இணைப்புல ஒரு விரிசல். தோண்டத் தோண்ட அந்தக் கருப்புத் தண்ணி ஊறிக் குழியில தேங்கிருச்சு. நாத்தம்னா நாத்தம், வீதியே மூக்கைப் பொத்திட்டு நிக்குது.

ஜெசிந்தா நிமுந்து பார்த்துக் கேட்டுச்சு. "இந்த வீதியில மோட்டாரு வெச்சிருக்கறது ஆருங்க?"

என்னையப் பார்க்கக் கூட ஒருத்தருக்குத் தெகிரியம் இல்லே. நாச்சிமுத்து அண்ணனே அங்க நிக்கறாரு, அவரும் வேற பக்கம் பார்க்கறாரு. வளர்மதி நிக்கறா, அவளும் சொல்லலே. எனக்கு உள்ளுக்குள்ள ஒரு இதுதான், பாரு, மயிலாத்தாளுக்கு இந்த வீதி எத்தனை பயப்படுதுன்னு.

அப்ப எனக்குப் பின்னால இருந்து ஒரு குரலு. "எங்கூட்டுல இருக்குதுங்க."

எங்கூட்டுக்காரரு. வாசப்படிக்கு வெளிய நிக்கறாரு கண்ணு. எங்க கல்யாணத்துல இருந்து ஒரு எடத்துலயும் வாயைத் திறக்காத மனுசன், சட்டை கூடப் போடாம வந்து நின்னுட்டுச் சொல்றாரு.

"போட்டுக் காமிக்கறீங்களாய்யா?"ன்னு அந்தப் புள்ளை கேட்டுச்சு. நான் எந்திரிச்சுக் குறுக்க நின்னேன். "எல்லா ஊருலயுந்தான் மோட்டாரு இருக்குது, என்ற வூட்டுல மட்டுமா"ன்னேன். அவரு என்னைய ஒரு தட்டுத் தட்டலே, திட்டலே. ஒதுங்கி உள்ள போனாரு. சுச்சைப் போட்டாரு.

விர்ருனு சத்தம். எல்லாரும் குழியை எட்டிப் பார்த்தாங்க. நானும் போயிப் பார்த்தேன். தேங்கி நின்ன அந்தக் கருப்புத் தண்ணி சித்தெ நேரம் சும்மா இருந்துச்சு. அப்புறம் மெல்லச் சுத்த ஆரம்பிச்சுது. சுழிச்சு, சுழிச்சு, அந்த விரிசல் பக்கமாப் போயி உள்ள எறங்குது. யாரோ "அய்யோ சாமீ"ன்னாங்க. தண்ணி கொறையக் கொறைய குழிச் செவுத்துல கருப்பா கோடு வுழுகுது. என்ற வூட்டுத் தொட்டியில கொடகொடன்னு வுழுகற சத்தம் ரோட்டுக்குக் கேக்குது.

மோகனு எனக்குப் பக்கத்துல நின்னுட்டு இருந்தான். அவன் என்ற மொகத்தைப் பார்த்தான். அப்படியே உள்ள போயிப் பொட்டியைக் கட்ட ஆரம்பிச்சுட்டான்.

இதுல என்ன இருக்குது சொல்லு? தண்ணின்னா ஓட்டை இருக்கற பக்கம் போகத்தான் செய்யும். ஓட்டையை அடைக்காதது பேரூராட்சி. கொழாயை மாத்தாதது பேரூராட்சி. கசியற மாதிரி சேம்பரு கட்டினது எவனோ. குழியைத் தள்ளிப் போடச் சொன்னா, தள்ளிப் போட்டுருவாங்களா? இஞ்சினியருதானே அவ, முடியாதுன்னு நிக்க வேண்டியதுதானே? நான் வட்டத்துக்குள்ள நின்ன மாதிரி அவளும் நின்னிருக்கோணுமில்ல? இத்தனை பேரு தப்பை வுட்டுட்டு, ஒரு மோட்டாரைப் புடிச்சுக்கிட்டாங்க.

என்ற வூட்டுக் கொழாயை வெட்டிப் போட்டாங்க. மோட்டாரைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. தண்ணிக்கு இப்பப் புதுக் கொழாய் போட்டாச்சு, தனியா, என்ற பக்கமா. என்ற வாசல் வழியாத்தான் போகுது, எனக்கு மட்டும் அதுல இருந்து கனெக்சன் குடுக்கலே. "இனிமே மோட்டாரு வெக்க மாட்டேன்னு வீதியில நாலு பேரு முன்னால ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா, நாளைக்கே கொழாய் குடுத்தர்றேன்"னு அந்தப் புள்ளை வந்து சொல்லுச்சு. ஒரு வார்த்தையாம். அந்த ஒரு வார்த்தை சொன்னா என்ன அர்த்தம்? நான்தான் பண்ணினேன்னு அர்த்தம். நான்தான் என்ற பேரனை... சொல்லுவனா? சொல்ல மாட்டேன். நாக்கை அறுத்தாலும் சொல்ல மாட்டேன்.

எங்கூட்டுக்காரரு தெனமும் ரெண்டு கொடம் கொண்டு வருவாரு. கோயிலு போருல புடிச்சேன்னுதான் சொன்னாரு. அந்தத் தண்ணியிலதான் சோறு ஆக்கினேன், குடிச்சேன். நெம்ப நல்லாத்தான் இருந்துச்சு. ஒரு நா கோயிலுக்குப் போனா, போரு ரிப்பேராகி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சுங்கறாரு பூசாரி. அப்ப இவரு எங்க புடிக்கறாருன்னு ஒளிஞ்சிருந்து பார்த்தேன். அவ வூட்டுல. வளர்மதியே கொடத்தைத் தூக்கிக் குடுக்கறா கண்ணு! இத்தனை நாளா நான் குடிச்சது அவ வூட்டுத் தண்ணி. என்ற வவுத்துக்குள்ள போயி, ரத்தத்துலயே கலந்திருக்கும். ரெண்டு கொடத்தையும் எத்தி வுட்டேன். அவரு உருண்டு போன கொடத்தை எடுத்து நிமுத்தி வெச்சாரு, அவ்வளவுதான்.

இன்னைக்குக் காலைல அவரையும் கூட்டிட்டு மோகனு வூட்டுக்குப் போனேன். பெருந்துறையில வாடகைக்கு எடுத்திருக்கறான். கூப்பிட்டுப் பார்க்கலாம், எத்தனை நாளைக்குத்தான் வைராக்கியம்னு போனேன். பிரதீபா கதவைத் திறந்தா. வாங்கத்தை, வாங்க மாமான்னா. மரியாதையில ஒரு கொறையும் இல்லே. எளைச்சிருக்கறா. உக்காரச் சொன்னா. ரெண்டு டம்ளரு தண்ணி கொண்டு வந்தா. எனக்கு நீட்டினா.

"காய்ச்சி ஆற வெச்சதுதானுங்க அத்தை. குடிங்க."

அவ்வளவுதான் சொன்னா. குத்திப் பேசலே, கொரலு ஒசத்தலே. கையை நீட்டுன மேனிக்கு நிக்கறா. நான் வாங்கினேன். வாயில வெச்சேன். எறங்கலே கண்ணு. எதுக்குன்னு தெரியலே, எறங்கவே இல்லே. கீழ வெச்சுட்டேன். அவ அந்த டம்ளரைப் பார்த்தா, என்னையப் பார்த்தா, எடுத்துட்டு உள்ள போயிட்டா. வூட்டுக்கு வான்னு நான் கூப்படறதுக்கு முன்னாலயே போயிட்டா.

கெளம்பலாம்னு எந்திரிச்சேன். எங்கூட்டுக்காரரு எந்திரிக்கலே.

"நீ போ மயிலாத்தா. நான் இங்கயே இருந்துக்கறேன்"ன்னாரு.

"ஏனுங்க? வூடு வாசலை வுட்டுப் போட்டா?"

"அங்க தண்ணி இல்லே"ன்னாரு.

மவனும் மருமவளும் உள்ள இருந்து வந்து பக்கத்துல நிக்கறாங்க. ஒருத்தராச்சும், அப்படிச் சொல்லாதீங்க மாமா, அத்தை கூடப் போங்கன்னு சொல்லோணுமில்ல? மோகனு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில கொண்டு வந்து வுட்டான். டிக்கெட்டுக்குச் சில்லறை இருக்குதாம்மான்னு கேட்டான். இருக்குதுடான்னேன். போயிட்டான்.

ஆக, எல்லாரும் ஒரு பக்கம். நான் ஒரு பக்கம். வளர்மதி ஜெயிச்சுட்டா. ஒண்ணுமே பேசாம, கதவைச் சாத்திட்டு உள்ள இருந்தே ஜெயிச்சுட்டா. என்ற புருசனைக் கூட ரெண்டு கொடம் தண்ணியில வாங்கிப் போட்டா. நான் வுட மாட்டேன். இருக்கற வரைக்கும் வுட மாட்டேன். நாளைக்கே கலெக்டருகிட்டப் போவேன். அந்த இஞ்சினியர் புள்ளை ஆரு, எந்த ஊருன்னு கண்டுபுடிப்பேன். நாச்சிமுத்து அண்ணன் போனை எடுக்கலேன்னா என்ன, எனக்குப் பஸ்ஸு தெரியும், வழி தெரியும்.

நாயம் சொல்லுன்னேனே, நீ ஒண்ணுமே சொல்லலே. சரி, வுடு. ஆரு சொல்றாங்க.

அதோ தெரியுது பாரு தண்ணி டேங்கு, அதுதான் எங்கூரு. அடுத்த நிறுத்தம். வூட்டைத் திறந்தா கொடத்துல ஒரு சொட்டு இருக்காது. பொழுது இருக்கறப்பவே எங்கயாச்சும் போயிப் புடிக்கோணும். எங்க போறதுன்னுதான் தெரியலே. எதிர்த்தூட்டுல கேக்க மாட்டேன்.

பேசிப் பேசித் தொண்டை வறண்டு போச்சு. காலைல இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலே. உன்ற பையில இருக்கறது தண்ணிப் பாட்டலா கண்ணு? ஒரு வாயி குடேன்.

இரு, இரு. எந்த ஊருத் தண்ணி அது?